இரண்டாம் எண்ணிக்கையில் என் சீட்டு

“நம்ம சீட்ட மறுபடி எடுத்துப் பாத்தாங்களாமா?”

என் பாட்டி, அம்மாயி, இப்படிக் கேட்டது 2024 செப்டம்பர் 22ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு அடுத்த நாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், உள்ளே தொலைக்காட்சியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்கவில்லையாம், அதனால் தோற்றவர்களுக்கு விழுந்த வாக்குச் சீட்டுகளை எடுத்து இரண்டாவதாக யாருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறார்களாம் என்று சொன்னேன். உலக்கையை வைத்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். கொழும்புக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. இந்தத் தேர்தலைப் பற்றி யார் என்ன பேசினாலும் அந்தக் கேள்விதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆய்வு எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்பவள், தோட்டத்தில் பிறந்தவள், இந்த நாட்டில் வாக்குரிமை உள்ள ஒருத்தி. எனக்குள் இருக்கும் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தெளிவாகும் என்று தோன்றியது.

தேர்தலுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் ஏறினேன். நிற்கக்கூட இடமில்லை. அவிசாவளை, யட்டியாந்தோட்டை, கித்துல்கல என்று ஏறி கினிகத்தேனையைத் தாண்டும்போது குளிர் வந்துவிட்டது. பஸ்ஸில் இருந்த முக்கால்வாசிப் பேர் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள்தான். எல்லோரும் வாக்குப் போடத்தான் போகிறோம். வழக்கமாக இப்படிக் கூட்டம் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா வாக்காளர் அட்டைகளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த அட்டையை எப்போது பார்த்தாலும் எனக்கு ஒரு உறுத்தல். பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும், டிவிஷன் இருக்கும். வீட்டுக்கென்று ஒரு விலாசம் இருக்காது. எங்கள் கடிதங்களெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் கைக்கு வரும். ஏ.எல். முடித்த வருடம் ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் எனக்குத் திகதி முடிந்த பிறகுதான் கிடைத்தது. இந்த முறை அட்டைகள் நேரத்துக்கு வந்துவிட்டன. அம்மா அதை இரண்டு தடவை சொன்னார்.

சாப்பிட்ட பிறகு அம்மா கேட்டார்: “ஒன்னு, ரெண்டுன்னு போட்டா சீட்டு செல்லாமப் போயிருமாமே, நெசமா?” தோட்டத்தில் அப்படி ஒரு பேச்சு ஓடியிருக்கிறது. அது அம்மாவின் குற்றமில்லை. 1982இலிருந்து எட்டு ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்திருக்கின்றன. எட்டிலும் முதல் எண்ணிக்கையிலேயே ஒருவர் பாதியைத் தாண்டிவிட்டார். அதனால் விருப்பு வாக்கு என்று ஒன்று சட்டத்தில் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் ஐந்து கட்டம் வரைந்து, ஐந்து பழங்களின் பெயரை எழுதினேன். புள்ளடி, அதாவது X, மட்டும் போட்டால் ஒருவருக்குத்தான். 1 என்று எழுதினால் 2, 3 எழுதலாம். புள்ளடியும் போட்டு, எண்ணும் எழுதிக் குழப்பக் கூடாது. அம்மா மாம்பழத்துக்கு 1, வாழைப்பழத்துக்கு 2 போட்டுப் பார்த்தார். அம்மாயி பேனாவை வாங்கி, பலாப்பழத்துக்கு எதிரே பெரிதாக ஒரு புள்ளடி போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசை. நான் இரண்டாம் வகுப்புப் படித்த அதே அறை. சீட்டு ஒரு கை நீளத்துக்கு இருந்தது. 39 பெயர்கள், அதில் ஒருவர் இடையில் இறந்துபோனவர். என்னுடைய 1 யாருக்கு என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. எங்கள் மலையகத்திலிருந்தே ஒருவர் சுயேச்சையாக நின்றார். அவர் வெல்ல மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படி ஒரு பெயர் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும், அதற்கு எதிரே சில ஆயிரம் பேராவது எண் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அதை எழுதிய பிறகு பேனா நின்றது. பின்னால் வரிசை நிற்கிறது என்று தெரிந்தும் ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். அப்புறம் அனுரகுமார திசாநாயக்கவின் திசைகாட்டிச் சின்னத்துக்கு எதிரே 2 எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் யோசித்தேன். முன்னுக்கு நின்ற நான்கு பேரில் ஒருவர், சஜித் பிரேமதாச, ஒரு ஜனாதிபதியின் மகன். இன்னொருவர் இன்னொரு ஜனாதிபதியின் மகன். மூன்றாமவர், ரணில் விக்ரமசிங்க, முதல் நிறைவேற்று ஜனாதிபதிக்கு மருமகன் முறை, பதவியில் இருந்தவரும் அவர்தான். நான்காமவர், அனுரகுமார, தம்புத்தேகமவில் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் வளர்ந்தவர். ஏழைப் பிள்ளை என்பதற்காக யாரும் நல்ல ஆட்சியாளர் ஆகிவிடுவதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடியை நாங்கள் வாழ்ந்து கடந்திருக்கிறோம். கொழும்பில் காஸ் வரிசை, பெற்றோல் வரிசை என்று எல்லோரும் படம் பிடித்துப் போட்டார்கள். தோட்டத்தில் என்ன நடந்தது என்பதற்குப் படம் கிடையாது. கோதுமை மா விலை ஏறியபோது எங்கள் லயத்தில் மூன்று வேளை ரொட்டி ஒரு வேளை ரொட்டி ஆனது. அம்மா கொழுந்துக்குப் போகும்போது வெறும் சாயத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அந்த நிலைக்கு நாட்டைக் கொண்டுபோனவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போவார். அந்த வட்டத்துக்கு வெளியே இருந்து ஒரு ஆள் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. முழு நம்பிக்கை இல்லை, அதனால்தான் அது 2.

அழுகைக் கோச்சி

அம்மாயி ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு அவருடைய கதையைச் சொல்ல வேண்டும். அம்மாயி 1939இல் பிறந்தவர். அவருடைய அப்பா 1947 பொதுத் தேர்தலில் வாக்குப் போட்டவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்காளர் பட்டியலிலிருந்தும் எங்கள் ஆட்களின் பெயர்களை எடுத்துவிட்டார்கள். ஒரு தடவை வாக்குப் போட்ட மனிதர், மிச்ச வாழ்க்கையெல்லாம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கொழுந்து மலையிலேயே வேலை செய்து அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 2024 ஒக்டோபர் கடைசியோடு அதற்கு 60 வருடம். ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசாங்கங்கள் எங்களைப் பிரித்துக்கொண்டன. அம்மாயியின் தம்பிக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயிலை எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். ஏறியவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். அம்மாயி தம்பியை ஏற்றிவிட்டு, கோச்சி வளைவில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றதாகச் சொல்வார். ராமேஸ்வரத்தில் இறங்கிய பிறகு ஒரு கடிதம் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை.

அம்மாயிக்கு முதல் வாக்கு கிடைத்தது 1994இல். 55 வயது. அவருடைய ட்ரங்குப் பெட்டியில் பிரஜாவுரிமைக் காகிதம் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கிடக்கிறது. அதற்காக எத்தனை தடவை ஆபீசுக்கு நடந்தார், எத்தனை நாள் பேர், அதாவது நாள் சம்பளம், இல்லாமல் போனது, எத்தனை பேருக்குக் கையில் கொடுத்தார் என்று ஒரு கணக்கு அவர் மனதில் இருக்கிறது. கேட்டால் தேதியோடு சொல்வார். அந்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை. மழை, காய்ச்சல், கால்வலி எதுவும் கணக்கில்லை. யாருக்குப் போட்டார் என்று வீட்டில் யாரிடமும் சொன்னதும் இல்லை.

அவர் வாழ்க்கையில் அரசாங்கம் எங்கள் காகிதங்களை எடுத்துப் பார்த்ததெல்லாம் பெயரை வெட்டுவதற்குத்தான். பட்டியலைத் திறந்தால் யாரோ காணாமல் போவார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு, தோற்றுப்போன ஆளுக்கு விழுந்த சீட்டைக்கூட மறுபடி எடுத்து, சரி, இவர் இல்லையென்றால் உனக்கு வேறு யார் என்று கேட்கிறார்கள் என்பது எப்படிக் கேட்டிருக்கும்? அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அதை யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஊரடங்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் லயத்தில் யாரும் தூங்கவில்லை. தபால் வாக்கு முடிவுகள் வரத் தொடங்கியதும் திசைகாட்டி முன்னுக்குப் போனது. எங்கள் நுவரெலியா மாவட்டம் அப்படி இல்லை. இங்கே சஜித் முதலாவது, ரணில் இரண்டாவது, அனுர மூன்றாவது. தோட்டத் தொழிற்சங்கங்கள் சொன்ன பக்கம்தான் பெரும்பாலான வாக்கு விழுந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் பயந்தது எனக்குப் புரிந்தது. நாம் போடாத ஆள் வென்றால் நமக்கு என்ன நடக்கும் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு எப்போதும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு.

பகல் வரை முன்னிலை கூடுவதும் குறைவதுமாக இருந்தது. பாதியைத் தொடவில்லை. அனுரகுமாரவுக்கு 42.31 வீதம், சஜித்துக்கு 32.76 வீதம். பிறகுதான் தேர்தல்கள் ஆணைக்குழுவின் அறிவிப்பு. முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் போட்டியிலிருந்து விலக்கப்படுகிறார்கள், அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இரண்டாம், மூன்றாம் விருப்பு எண்ணப்படும். இந்த நாட்டில் முதல் தடவையாக.

அம்மாயியின் கேள்விக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன் என்றேன் அல்லவா. போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அந்தச் சீட்டுகளில் என்னுடையதும் ஒன்று. நுவரெலியாவில் ஏதோ ஒரு வாக்கெண்ணும் அறையில், யாரோ ஒரு அரசாங்க உத்தியோகத்தர், தூக்கம் கெட்ட கண்களோடு, என் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு 2 எங்கே என்று தேடுகிறார். அவர் சிங்களவரா தமிழரா தெரியாது, என்னை அவருக்குத் தெரியாது. நான் ஒரு நிமிடம் தயங்கி எழுதிய அந்த எண் அவருக்குத் தேவைப்படுகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா என்ன என்று கேட்டார். புகை என்றேன்.

பிறகு வந்த எண்களை நான் வேலைப் பழக்கத்தில் கழித்துப் பார்த்தேன். விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 லட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து சஜித்துக்குப் போனவை 167,867. அனுரவுக்குப் போனவை 105,264. மிச்சம் 30 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் இந்த இருவருக்கும் எதுவும் இல்லை. பெரும்பாலானவர்கள் ஒன்றோடு நிறுத்தியிருப்பார்கள். முடிவை அது மாற்றவும் இல்லை. ஆனால் அந்த 105,264இல் கடைசி 4 இருக்கிறதே, அதைச் சேர்த்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த எண்ணை என் கைப்புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இருட்டிய பிறகு முடிவு வந்தது. 2019இல் 3 வீதம் எடுத்த ஒருவர் ஜனாதிபதி. நகரப் பக்கம் பட்டாசுச் சத்தம் கேட்குமோ என்று பார்த்தேன். எதுவும் இல்லை. கடைகளை உடைக்கவில்லை, தோற்றவர்களின் வீடுகளுக்குக் கல் எறியவில்லை. தேர்தலுக்கு அடுத்த நாள் என்றால் லைட்டை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்த இரவுகள் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கின்றன. அன்றைக்கு அம்மா வாசலில் நின்று பக்கத்து வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

திங்கட்கிழமை விடுமுறை விட்டிருந்தார்கள். பதவியேற்பைப் பார்த்தோம். தான் மந்திரவாதி அல்ல என்று புதிய ஜனாதிபதி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் என்னோடு அறையில் இருப்பவர் சாவகச்சேரிக்காரி. நான் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “நீர் நம்பும். நாங்கள் கொஞ்சம் பாத்துக்கொண்டு இருக்கிறம்” என்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அனுர நான்காவதாகத்தான் வந்தார். என் அறைத்தோழியின் அண்ணனைப் பற்றி 2009இலிருந்து எந்தத் தகவலும் இல்லை. அவருடைய அம்மா இன்னும் வருடா வருடம் ஒரு படத்தைத் தூக்கிக்கொண்டு வீதியில் உட்காருகிறார். அனுரவின் கட்சிக்காரர்கள், மாகாண சபையை எதிர்த்தவர்கள், வடக்கு கிழக்கு இணைப்பைப் பிரிக்க நீதிமன்றம் போனவர்கள், இப்போது திடீரென்று வேறு ஆட்களாகிவிட்டார்களா என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவருடைய அண்ணனைப் பற்றி ஒரு பதில் வரும் வரைக்கும் என் சந்தோஷத்தை அவர் மேல் திணிக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அனுரவின் கட்சியான மக்கள் விடுதலை முன்னணி ஆரம்ப காலத்தில் இளைஞர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அந்த வகுப்பில் எங்கள் ஆட்களை, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறிய என் அம்மாயியை, இந்தியாவின் கையாளாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். உழைக்கும் மக்களின் கட்சி, இந்த நாட்டிலேயே அதிகமாக உழைத்த மக்களைப் பார்த்த விதம் அது. இதை மறந்துவிட்டுச் சந்தோஷப்பட என்னால் முடியாது. அதே சமயம், 2023இல் ஹட்டனில் அவர்கள் வெளியிட்ட பிரகடனத்தையும் நான் வாசித்திருக்கிறேன். அதில் நாங்கள் மலையக மக்கள். என் பிறப்புச் சான்றிதழில் இன்னும் இந்தியத் தமிழர். 2012 குடிசன மதிப்பீட்டில் சனத்தொகையில் 4.1 வீதம் பேர் அந்தப் பெயரில்தான் எண்ணப்பட்டோம். அம்மாயி பிறந்ததும் இந்த மண்ணில், அவருடைய அம்மா பிறந்ததும் இந்த மண்ணில். ஒரு கட்சி அன்று சொன்னதிலிருந்து இன்று எழுதியது வரைக்கும் வந்திருக்கிறது என்றால், அந்த வழியில் அவர்களை இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வைப்பது எங்கள் வேலை என்றும் தோன்றுகிறது.

நான் எதிர்பார்ப்பவை பெரிய விஷயங்கள் இல்லை. 1,700 ரூபாய் என்று தொடங்கி தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாள் சம்பளம் 2024இல் 1,350இல் வந்து நின்றதே, அந்தக் கதை இப்படி ஒவ்வொரு தடவையும் தேர்தலுக்கு முன்னால் தொடங்கித் தேர்தலோடு முடியக் கூடாது. ஏழு பேர்ச்சஸ் காணி என்று சொன்னால் உறுதிப்பத்திரம் அம்மாவின் கையில் இருக்க வேண்டும். எங்கள் லயத்துக்கு ஒரு பாதைப் பெயர், வீட்டுக்கு ஒரு இலக்கம், தபால்காரர் நேராக வந்து கொடுக்கும் ஒரு கடிதம். பழைய விஷயங்களைப் பேசும்போது நான் கோபப்படுகிறேன் என்று அலுவலகத்தில் ஒரு தோழி சொன்னார். மாத்தறைக்காரி, திசைகாட்டிக்குப் பாடுபட்டவர். கோபம் இருந்தும்தான் 2 போட்டேன் என்று சொன்னேன். அவருக்கு நான் அழுகைக் கோச்சியின் கதையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருடம் படித்திருக்கிறேன், ஒரு நாளும் யாரும் இதைச் சொல்லித்தரவில்லையே என்றார். சாப்பாட்டு நேரம் முடிந்தும் அவர் எழுந்து போகவில்லை. இன்னும் சொல் என்றார். ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, அம்மாயியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நேற்று இரவு அதைக் கேட்கத்தான் அழைத்தேன். முதலில் வேறு விஷயம் பேசினார். நவம்பர் 14இல் பொதுத் தேர்தல் வருகிறதாம், வாக்காளர் அட்டை எப்போது வரும் என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார், பக்கத்தில் அம்மா இருந்திருக்க வேண்டும்.

“பாப்பா, இந்தத் தடவையும் ஒன்னு, ரெண்டு போடலாமா?”

இது வேறு மாதிரி அம்மாயி, முதலில் கட்சிக்குப் புள்ளடி போட வேண்டும், பிறகு அந்தக் கட்சியில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கு போடலாம் என்று தொடங்கினேன். போனில் சொன்னால் விளங்காது என்றார். நீயே வந்து கலண்டர் தாளில் போட்டுக் காட்டு என்றார். பன்னிரண்டாம் திகதி இரவே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். லீவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.